எக்ஸ்ஆர்டி போதாதா? பேட்டரிக்கு எக்ஸ்-கதிர் உட்கவர் நிறமாலை எதற்கு?

கேள்வி இது: "அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். அப்பாவின் ஈ-ஸ்கூட்டர் பேட்டரி மூன்று வருஷத்துக்குள் நன்றாக இறங்கிவிட்டது. அதிலிருந்து பேட்டரிப் பொருள்கள் பற்றி ப்ராஜெக்ட் செய்ய ஆசை. எக்ஸ்ஆர்டி, அதாவது எக்ஸ்-கதிர் டிஃப்ராக்ஷன், பக்கத்திலேயே எடுத்துவிடலாம். ஆனால் எக்ஸ்-கதிர் உட்கவர் நிறமாலை எடுத்தால்தான் உருப்படியாகச் சொல்ல முடியும், அதற்கு இந்தூர் போக வேண்டும் என்கிறார்கள். அது பேட்டரியை உண்மையிலேயே மேம்படுத்துமா, இல்லை கட்டுரை போட மட்டும்தானா?"

தம்பி, மேம்படுத்தும். ஆனால் எந்த ஆற்றலில் எக்ஸ்-கதிரைப் பொருள் எவ்வளவு விழுங்குகிறது என்று அளக்கும் இந்த முறை, கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். "என் பொடியில் என்ன இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்" என்று எடுத்துக்கொண்டு போனால் அழகான வளைகோடு ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான். "இந்த நிக்கல் சார்ஜ் ஆகும்போது எலக்ட்ரானை இழக்கிறதா, இல்லையா" என்று கேட்டுக்கொண்டு போனால் ஆமாம், இல்லை என்று பதில் வரும். அந்தப் பதிலை வைத்துப் பொருளை மாற்றலாம். பேட்டரித் துறையில் பல முன்னேற்றங்கள் அப்படித்தான் வந்திருக்கின்றன.

முதலில் எக்ஸ்ஆர்டி. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், அது இல்லாமல் எந்தப் பொருளையும் தொடக்கூடாது. ஆனால் அது பார்ப்பது ஒழுங்கை. கோடிக்கணக்கான அணுக்கள் ஒரே முறையில் திரும்பத் திரும்ப அடுக்கியிருந்தால்தான் கூர்மையான முகடு வரும். வருவதும் அத்தனை அணுக்களின் சராசரி. லித்தியம் நிக்கல் ஆக்சைடை எடுத்துக்கொள். எக்ஸ்ஆர்டியில் நிக்கலைச் சுற்றியுள்ள ஆறு ஆக்சிஜனும் ஒரே தூரத்தில், சுமார் 1.97 ஆங்ஸ்ட்ராமில் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) நிற்பதாகத் தெரியும். ஆனால் மூன்று நேர்மின்னேற்றம் உள்ள நிக்கலுக்கு, எலக்ட்ரான் அமைப்பின் காரணமாக அணு தன் சுற்றுப்புறத்தைக் கோணலாக்கும் யான்-டெல்லர் விளைவால், ஆறும் சமமாக இருக்கக் கூடாது. அப்படியானால் விளைவே இல்லையா? 1995-ல் உட்கவர் நிறமாலையில் பார்த்தபோது நான்கு ஆக்சிஜன் 1.91 ஆங்ஸ்ட்ராமிலும் இரண்டு 2.09-லும் இருந்தன. ஒவ்வொரு நிக்கலும் தன் சுற்றுப்புறத்தை ஒவ்வொரு திசையில் இழுத்துக்கொண்டிருக்கிறது. சராசரி எடுத்தால் எல்லாம் அடித்துப்போய் 1.97 வருகிறது. நீயே கூட்டி ஆறால் வகுத்துப் பார், சரியாக வரும். எக்ஸ்ஆர்டி பொய் சொல்லவில்லை, அதன் வேலை சராசரி சொல்வது. எலக்ட்ரானைக் கொடுப்பதும் வாங்குவதும் தனி அணு. பேட்டரியில் நமக்கு அந்தத் தனி அணுவின் நிலைதான் வேண்டும்.

இனி நிறமாலைக்கு வருவோம். நீ இதை ஏற்கெனவே பார்த்திருப்பாய். திருநெல்வேலி டவுனில் பழைய நகையை மாற்றப் போனால், அதை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்துக் கதவை மூடுவார்கள். கொஞ்ச நேரத்தில் தங்கம் இத்தனை சதவீதம், வெள்ளி இத்தனை, செம்பு இத்தனை என்று திரையில் வரும். அந்தக் கேரட் மீட்டர் ஒரு எக்ஸ்-கதிர் நிறமாலைக் கருவி. உள்ளே இருக்கும் எக்ஸ்-கதிர்க் குழாய் நகையில் உள்ள அணுக்களின் உள்கூட்டு எலக்ட்ரானைத் தட்டி வெளியேற்றுகிறது. காலியான இடத்துக்கு வெளிக்கூட்டு எலக்ட்ரான் இறங்கும்போது ஒரு எக்ஸ்-கதிர் வெளிவரும். தங்கம் என்றால் சுமார் 9.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட், செம்பு என்றால் 8, வெள்ளி என்றால் 22. ஒரு தனிமத்தின் ஆற்றல் இன்னொன்றுக்கு வராது. இந்த ஆற்றல்கள் அணு எண்ணின்படி வரிசையாக ஏறுகின்றன என்று 1913-ல் மோஸ்லி காட்டினார்.

கேரட் மீட்டர் அளவைச் சொல்லும், நிலையைச் சொல்லாது. ஒரு கேத்தோடில், அதாவது பேட்டரியின் நேர்மின் முனையில், நிக்கல் எத்தனை சதவீதம் என்று கேட்டால் சொல்லிவிடும். அந்த நிக்கல் இரண்டு எலக்ட்ரான் இழந்ததா, நான்கு இழந்ததா என்று கேட்டால் சொல்லாது. லித்தியம் அதன் கண்ணுக்கே தெரியாது, ஏனென்றால் லித்தியத்தின் எக்ஸ்-கதிர் 54 எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருக்கிறது, காற்றைக்கூடத் தாண்டாது. பேட்டரியின் கதாநாயகனை நேரடியாகப் பார்க்க முடியாமல், அது வரும்போதும் போகும்போதும் மற்ற தனிமங்களுக்கு என்ன ஆகிறது என்பதை வைத்துத்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

நிலையைத் தெரிந்துகொள்ள, வெளிவரும் கதிருக்குப் பதிலாக உள்ளே போகும் கதிரின் ஆற்றலை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போக வேண்டும். பொடியின் முன்னால் கதிரின் செறிவை அளக்கிறோம், பின்னால் அளக்கிறோம். ஆற்றல் குறைவாக இருக்கும்வரை பெரும்பகுதி கடந்து போகும். பொடியில் இரும்பு இருந்தால், ஒரு குறிப்பிட்ட ஆற்றல் வந்ததும் அந்த இரும்பின் உள்கூட்டு எலக்ட்ரான் அதை வாங்கிக்கொள்ளும், உட்கவர்தல் சட்டென்று ஏறும். அதுதான் உட்கவர் விளிம்பு. மாங்கனீசுக்கு 6539, இரும்புக்கு 7112, கோபால்ட்டுக்கு 7709, நிக்கலுக்கு 8333 எலக்ட்ரான் வோல்ட். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் மூன்றும் கலந்த என்எம்சி பொடியில் ஒவ்வொன்றையும் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கலாம் என்பது இதனால்தான்.

விளிம்பு எங்கே ஏறுகிறது என்பது அணுவின் நிலையைப் பொறுத்துக் கொஞ்சம் நகரும். ஒரு எலக்ட்ரானை இழந்த இரும்பில் அணுக்கருவின் இழுப்பை மறைக்க ஆள் குறைவு, உள்ளே இருப்பவை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கப்படுகின்றன. அவற்றை வெளியே எடுக்க ஆற்றல் கூடுதலாக வேண்டும். கேத்தோடாகப் பயன்படும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டை முழுக்கச் சார்ஜ் செய்தால் விளிம்பு மூன்று நான்கு எலக்ட்ரான் வோல்ட் மேலே போகும். ஏழாயிரத்தில் மூன்று நான்கு என்பது சின்ன விஷயம்போல் தெரியலாம். நல்ல பீம்லைனில், அதாவது கதிரை மாதிரிமேல் கொண்டுவந்து அளக்கும் நிலையத்தில், ஒரு எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குப் பிரித்துப் பார்க்க முடிகிறது, கூடவே ஒரு இரும்புத் தகட்டையும் அதே கதிரில் வைத்து ஒவ்வொரு முறையும் 7112-ஐச் சரிபார்த்துக்கொள்வார்கள். அதனால் இந்த நகர்வில் சந்தேகம் வராது.

இதே லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டைச் சார்ஜ் செய்துகொண்டே வரிசையாக அளந்து, எல்லா வளைகோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார். சில இடங்களில் எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளி வழியாகப் போகும். அப்படிப் போனால் உள்ளே இரண்டே வகை இரும்புதான் இருக்கிறது, ஒன்று குறைய இன்னொன்று கூடுகிறது என்று அர்த்தம். நடுநிலையில் மூன்றாவது வகை ஒன்று வந்தால் அந்தப் புள்ளி கலைந்துபோகும். ஒரு வளைகோட்டை முதல் கோடும் கடைசிக் கோடும் எத்தனை விகிதத்தில் கலந்தால் வரும் என்று கணக்குப் போட்டால், அந்த நிமிஷத்தில் எத்தனை சதவீத இரும்பு மாறியிருக்கிறது என்று வந்துவிடும். அதைச் செல்லிலிருந்து வந்த மின்னோட்டத்தோடு ஒப்பிடு. மின்னோட்டம் அறுபது சதவீதம் என்கிறது, இரும்பு ஐம்பது என்கிறது என்றால் மீதிப் பத்து எங்கோ வேறு வேலையில் போயிருக்கிறது. அல்லது துகள்களில் சில மின்தொடர்பே இல்லாமல் சும்மா கிடக்கின்றன. கார்பன் பூச்சு சரியில்லை, துகள்களை ஒட்டவைக்கும் பைண்டர் அதிகம், கலவை சீராக இல்லை என்பதெல்லாம் இப்படித்தான் பிடிபடுகிறது.

இந்த இரும்புப் பாஸ்பேட்டில் நம்மவர் ஒருவரின் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையில் வேதியியல் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் வாங்கிய ஆறுமுகம் மந்திரம், 1980களில் பேட்டரி விஞ்ஞானி ஜான் குட்எனஃபோடு சேர்ந்து இரும்பு சல்பேட், இரும்பு மாலிப்டேட் இரண்டையும் ஒப்பிட்டார். இரண்டிலும் அதே இரும்பு. ஆனால் மாலிப்டேட் 3.0 வோல்ட் கொடுத்தது, சல்பேட் 3.6 கொடுத்தது. கந்தகம் ஆக்சிஜனின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதால் இரும்பு–ஆக்சிஜன் பிணைப்பின் தன்மை மாறி, மின்னழுத்தம் ஏறுகிறது. பாஸ்பேட் பேட்டரிக்கு வழி திறந்தது அந்த எண்ணம்தான். 2019-ல் குட்எனஃபுக்கு நோபல் கிடைத்தபோது ஸ்டாக்ஹோமில் அவர் சார்பாக நோபல் உரை ஆற்றியவரும் மந்திரம்தான். தெக்கத்திப் பிள்ளைகள் பேட்டரி படிக்க வந்தால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் அது.

விளிம்பைச் சுற்றியுள்ள பகுதியை ஸேன்ஸ் என்பார்கள். விளிம்பைத் தாண்டி நூற்றுக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட் வரை ஒரு மெல்லிய நெளிவு ஓடும், அது எக்ஸாஃப்ஸ். குறுக்குத்துறையில் தண்ணீர் அசையாமல் கிடக்கும்போது ஒரு கல்லைப் போட்டால், கிளம்பிய வளையம் மண்டபத் தூணில் பட்டுத் திரும்பிவந்து, புதிதாகக் கிளம்பும் வளையத்தோடு மோதும். மோதுவதன் தாளத்தை வைத்துத் தூண் எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம். அணுவிலிருந்து கிளம்பிய எலக்ட்ரான் அலையும் பக்கத்து அணுக்களில் பட்டுத் திரும்புகிறது, அதன் தாளம்தான் அந்த நெளிவு. 1971-ல் சேயர்ஸ், ஸ்டெர்ன், லைட்டில் மூவரும் இந்த நெளிவைத் தனித்தனித் தாளங்களாகப் பிரிக்கும் ஃபூரியர் மாற்றம் செய்தால் அண்டை அணுக்களின் தூரம் வந்துவிடும் என்று காட்டினார்கள். நூறில் இரண்டு ஆங்ஸ்ட்ராம் அளவு துல்லியம் கிடைக்கும். மேலே சொன்ன 1.91-ம் 2.09-ம் இப்படி வந்தவைதான். ஆனால் இதைப் பொருத்துவது கடினம். அளவுருக்கள் கூடக்கூட எதையும் எதோடும் பொருத்திவிடலாம். எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு ஸேன்ஸ் போதும் என்பது என் கருத்து.

இப்போது வெயில். நீ கேட்டதற்கு இதுதான் நெருக்கமான இடம். நம்ம ஊர் சித்திரை வைகாசியில் வெளியே நாற்பது டிகிரியைத் தொடும், வெயிலில் நிறுத்திய வண்டியின் பேட்டரிக்குள் அதைவிடக் கூடும். மாங்கனீஸ் உள்ள கேத்தோடுகளுக்கு இது பெரிய கெடுதல். இரண்டு முனைக்கும் நடுவே உள்ள மின்பகுளித் திரவத்தில் இருக்கும் லித்தியம் உப்பு, துளி ஈரம் இருந்தாலும் சிதைந்து ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தரும். சூட்டில் இது வேகமாகும். மூன்று நேர்மின்னேற்றம் உள்ள மாங்கனீஸ் இரண்டு சேர்ந்து ஒன்று இரண்டாகவும் இன்னொன்று நான்காகவும் பிரிந்துகொள்ளும். இரண்டாக ஆனது அமிலத்தில் கரைந்து, மின்பகுளி வழியாக நடந்து, எதிர்ப்பக்க முனையான கிராஃபைட்டில் போய்ப் படியும். கிராஃபைட்டின் மேல் இருக்கும் பாதுகாப்புப் படலம் அதனால் கெட்டு, மறுபடி மறுபடி வளரும். ஒவ்வொரு வளர்ச்சியும் கொஞ்சம் லித்தியத்தைத் தின்றுவிடும்.

கேத்தோடில் போன மாங்கனீஸ் மிகக் கொஞ்சம், எக்ஸ்ஆர்டியில் ஒன்றும் தெரியாது. கெடுதல் எதிர்ப்பக்கம் நடக்கிறது என்பதே கிராஃபைட்டில் மாங்கனீசைத் தேடிப் பார்த்ததால்தான் உறுதியானது. அங்கே அது எந்த நிலையில் இருக்கிறது என்று ஸேன்ஸ் எடுத்தவர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. இரண்டு நேர்மின்னேற்றம் என்று சொல்லும் ஆய்வுகள் அதிகம், உலோகமாகப் படிகிறது என்பாரும் உண்டு. நிலை தெரிந்தால் மருந்து தெரியும். மாங்கனீசில் ஒரு பங்கை அலுமினியத்தாலோ லித்தியத்தாலோ மாற்றி அதன் சராசரி நிலையை 3.5-க்கு மேலே தள்ளுவது, துகளின் மேல் மெல்லிய ஆக்சைடு பூசுவது, அமிலத்தைப் பிடித்துவைக்கும் சேர்மானத்தை மின்பகுளியில் விடுவது என்று மூன்று வழியும் இந்தப் புரிதலிலிருந்து வந்தவை.

இறங்கிப்போன பேட்டரியில் குற்றம் கேத்தோடுடையதா, வேறு இடமா என்பதையும் விளிம்பை வைத்தே கேட்கலாம். பழைய செல்லை முழுக்க டிஸ்சார்ஜ் செய்து, ஆய்வகத்தில் முறைப்படி பிரித்து, கேத்தோடை எடுத்து நிக்கல் விளிம்பைப் பார்க்கிறார்கள். புதுப் பொருளில் இருந்த இடத்துக்கு அது திரும்பவில்லை, மேலேயே நிற்கிறது என்றால் நிக்கலுக்குத் திரும்பி வரவேண்டிய லித்தியம் வரவில்லை. அதே கேத்தோடைப் புது லித்தியத்துக்கு எதிரே வைத்து ஓட்டினால் கொள்ளளவு திரும்பிவிட்டது என்றால் கேத்தோடு நன்றாகத்தான் இருக்கிறது, லித்தியம் கிராஃபைட் படலத்தில் சிக்கிவிட்டது. அப்படியானால் கேத்தோடை மாற்றிப் பயனில்லை, மின்பகுளியையும் கிராஃபைட் பக்கத்தையும் கவனிக்க வேண்டும். இந்த ஒரு சோதனை எத்தனையோ பேரின் வருஷக்கணக்கான வீண் வேலையை மிச்சப்படுத்தும்.

அப்பா வண்டியின் பேட்டரியை மட்டும் வீட்டில் திறந்துவிடாதே தம்பி. தீப்பிடிக்கும், வரும் புகையும் நஞ்சு. ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜில் போட வேண்டாம், முழுச் சார்ஜில் வெயிலில் நிறுத்த வேண்டாம் என்று அவரிடம் சொல். அதுவே போதும்.

நிக்கல் அதிகமுள்ள என்எம்சி-யில் வேறு கதை. எட்டுப் பங்கு நிக்கல், ஒரு பங்கு மாங்கனீஸ், ஒரு பங்கு கோபால்ட் என்ற கலவையில் கொள்ளளவு கூடுகிறது, ஆயுள் குறைகிறது. ஏன் என்று ஆற்றல் குறைந்த மென் எக்ஸ்-கதிரில் நிக்கலின் இன்னொரு விளிம்பான எல்-விளிம்பை, சுமார் 853 எலக்ட்ரான் வோல்ட்டில், பார்த்தார்கள். ஒரே மாதிரியை ஒரே நேரத்தில் இரண்டு விதமாக அளக்கலாம். வெளியேறும் எலக்ட்ரான்களை எண்ணினால் மேலே உள்ள ஐந்து பத்து நானோமீட்டரின் சேதி. வெளிவரும் ஒளிக்கதிரை எண்ணினால் நூறு நானோமீட்டர் ஆழத்தின் சேதி. முழுக்கச் சார்ஜ் ஆன கேத்தோடில் ஆழத்து நிக்கல் ஒழுங்காக எலக்ட்ரானை இழந்திருக்கிறது. மேற்பரப்பு நிக்கலோ இரண்டு நேர்மின்னேற்றத்துக்கே இறங்கிக் கிடக்கிறது. ஆக்சிஜனை இழந்து, கல்லுப்பின் படிக அமைப்புக்கு மாறி, லித்தியம் போகவரத் தடையாக ஒரு தோல் உருவாகிவிட்டது. முழுத் துகளின் சராசரியை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. கெடுவது மேல்தோல் என்றால் மேலே மட்டும் நிக்கலைக் குறைத்தால் என்ன? கொரியாவில் யாங்-குக் சன் குழு 2009-ல் அப்படித்தான் உள்ளே நிக்கல் மிகுதியாகவும் வெளியே வரவர மாங்கனீஸ் கூடியும் இருக்கும் துகளைச் செய்தது. கொள்ளளவை உள்பகுதி தந்தது, ஆயுளை வெளிப்பகுதி காத்தது.

ஆக்சிஜன் பற்றிய சண்டையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், படிக்கும்போது கண்ணில் படும். லித்தியம் மிகுந்த மாங்கனீஸ் ஆக்சைடுகள் கிராமுக்கு 250 மில்லி ஆம்பியர் மணிக்கு மேல் கொடுக்கும். மாங்கனீஸ் விளிம்போ நகர்வதே இல்லை, அது முன்பே நான்கில்தான் இருக்கிறது. அப்படியானால் எலக்ட்ரானைக் கொடுப்பது யார்? ஆக்சிஜன். அது எப்படி உள்ளே இருக்கிறது என்பதற்கு, ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் புரூஸ் குழு 2020-ல், உள்ளே போகும் எக்ஸ்-கதிரையும் சிதறி வெளிவரும் எக்ஸ்-கதிரையும் ஒப்பிடும் ரிக்ஸ் என்ற முறையில் பார்த்து, ஆக்சிஜன் மூலக்கூறாகவே படிகத்துக்குள் அடைபட்டிருக்கிறது என்றது. அந்த மூலக்கூறு பேட்டரி செய்ததா, அளக்க வந்த எக்ஸ்-கதிரே செய்ததா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. வலுவான கதிர் மாதிரியைக் கெடுக்கும் என்பதை நீயும் மனதில் வை: ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை ஓட்டி, கோடு மாறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

சரி, கைவேலைக்கு வருவோம். ஆற்றலை விரும்பியபடி மாற்றக்கூடிய வலுவான கதிர், எலக்ட்ரான்களை வட்டப் பாதையில் மிக வேகமாகச் சுற்றவிடும் சின்க்ரோட்ரானில் கிடைக்கும். நமக்கு அது இந்தூரில், ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் இருக்கும் இண்டஸ்-2. சுற்றளவு 172 மீட்டர், எலக்ட்ரான்கள் 2.5 கிகா எலக்ட்ரான் வோல்ட்டில் ஓடுகின்றன. பிஎல்-8, பிஎல்-9 இரண்டும் எக்ஸாஃப்ஸ் பீம்லைன்கள், பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்தவை. இரண்டில் பிஎல்-9 தான் ஆற்றலை ஒவ்வொரு படியாக ஏற்றி அளக்கும் வகை. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆய்வுத் திட்டம் எழுதி விண்ணப்பிக்கலாம், உன் வழிகாட்டியின் பெயரில் போக வேண்டும்.

மாதிரிக்கு எவ்வளவு பொடி வேண்டும் என்று கேட்பாய். இரும்பு விளிம்பில் ஏற்றம் ஒன்று என்ற அளவில் வர, ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 2.8 மில்லிகிராம் இரும்பு வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் இரும்பு 35 சதவீதம். ஆக, எட்டு மில்லிகிராம் பொடி. ஒரு சாதாரண எலக்ட்ரோடில் பூசுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான்! பூசிய எலக்ட்ரோடை அப்படியே வைத்து அளந்துவிடலாம். இருபது மைக்ரான் அலுமினியத் தகடு இந்த ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் விழுங்கும். பொடியாக அளப்பதென்றால் போரான் நைட்ரைடோடு நன்றாக அரைத்து, ஓட்டை விழாத சீரான வில்லையாக அழுத்த வேண்டும். வில்லையில் மெல்லிய இடம், தடித்த இடம் என்று இருந்தால் விளிம்பின் உச்சி தட்டையாகி, தப்பான கதை சொல்லும்.

பட்டன் செல்லில் ஓடும்போதே அளக்க ஆசைப்பட்டால் ஒன்று கவனி. செல்லின் கூடு துருப்பிடிக்காத எஃகு, கால் மில்லிமீட்டர் தடிமன். கதிர் உள்ளே போகவே போகாது. போனாலும் அதில் இருப்பது இரும்பும் குரோமியமும் நிக்கலும், நீ தேடும் அதே ஆட்கள். அதனால் இரண்டு பக்கமும் சில மில்லிமீட்டர் துளை போட்டு, காப்டன் என்ற பிளாஸ்டிக் படலத்தை ஒட்டி ஜன்னல் வைப்பார்கள். காப்டன் எக்ஸ்-கதிரை விடும், ஆனால் மெல்ல மெல்ல ஈரத்தையும் விடும். ஓடும் செல்லுக்குச் சில மணி நேரம் தாங்கும். சார்ஜ் செய்த எலக்ட்ரோடைக் காப்டனில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு ரயிலில் போனால் இந்தூரில் இறங்கும்போது வேறு பொருளாகியிருக்கும். காற்றும் ஈரமும் இல்லாத ஆர்கான் வாயுப் பெட்டிக்குள்ளேயே அலுமினியம் லேமினேட் உறையில் வைத்து ஓரத்தை உருக்கி ஒட்டி எடுத்துப் போக வேண்டும். அந்த வசதி உங்கள் கல்லூரியில் இல்லையென்றால் காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரியில் கேட்டுப் பாருங்கள், பேட்டரி ஆராய்ச்சி அங்கே காலங்காலமாக நடக்கிறது.

தலைப்புக்கு என் யோசனை ஒன்று. பணகுடியிலிருந்து ராதாபுரம் வரை ஆடிக் காற்றில் காற்றாலைகள் சுற்றும்போது வரும் மின்சாரத்தைத் தேக்கி வைக்க, எடை கூடினாலும் பரவாயில்லை, விலை குறைந்த பேட்டரி வேண்டும். சோடியம் அதற்குப் பொருத்தம், உப்பளம் பக்கத்திலேயே தூத்துக்குடியில் இருக்கிறது. சோடியம், இரும்பு, மாங்கனீஸ் மூன்றும் சேர்ந்த பி2 என்ற அடுக்கு அமைப்புள்ள ஆக்சைடு ஒன்றை 2012-ல் ஜப்பானியக் குழு வெளியிட்டது. கிராமுக்கு 190 மில்லி ஆம்பியர் மணி, விலையுயர்ந்த தனிமம் ஒன்றுகூடக் கிடையாது. அதன் பலவீனம் காற்று. ஈரமும் கரியமில வாயுவும் பட்டால் சோடியம் வெளியேறி, மாங்கனீஸ் மூன்றிலிருந்து நான்குக்குப் போகத் தொடங்கும். கொஞ்சம் செம்பு சேர்த்தால் காற்றைத் தாங்கும் என்று கண்டிருக்கிறார்கள். இதற்குச் செல் கட்ட வேண்டாம். உலையும், எக்ஸ்ஆர்டியும், நம்ம ஊர்க் காற்றும் போதும். பொடியைச் செய்து, ஒரு பகுதியை மூடி வை, ஒரு பகுதியைத் திறந்த தட்டில் வெவ்வேறு நாள்கள் வை. எக்ஸ்ஆர்டியில் அடுக்கு இடைவெளி மாறுகிறதா என்று முதலில் பார். மாறிய மாதிரிகளை மட்டும் இந்தூருக்குத் தேர்ந்தெடு.

ஒப்பிடுவதற்கு மாங்கனீஸ் மோனாக்சைடு, மாங்கனீஸ் செஸ்குவி ஆக்சைடு, மாங்கனீஸ் டை ஆக்சைடு மூன்றையும் கண்டிப்பாக எடுத்துப் போ. அவை இல்லாமல் வந்த கோட்டை எங்கே நிறுத்துவது? அளவை, கதிரை முன்னும் பின்னும் அளக்கும் ஊடுருவும் முறையிலேயே வைத்துக்கொள். மாதிரியிலிருந்து வெளிவரும் கதிரை எண்ணும் ஒளிர்வு முறையில் இரும்பைப் பார்க்கப் போனால் மாங்கனீசின் 6.49 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் இரும்பின் 6.40-க்குப் பக்கத்திலேயே வந்து குழப்பும். கணக்குப் போட ஏதீனா, லார்ச் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம், மடிக்கணினியிலேயே ஓடும். போவதற்கு முன்பே பொதுவில் கிடைக்கும் தரவை வைத்துப் பழகிவிடு, பீம்லைனில் நிற்கும்போது கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.

விண்ணப்பத்தின் முதல் வரியில் கேள்வியை எழுது: ஈரக்காற்றில் வைத்த பொடியில் மாங்கனீசின் விளிம்பு எவ்வளவு நகர்கிறது, செம்பு சேர்த்த பொடியில் அந்த நகர்வு குறைகிறதா? எழுதி முடித்ததும் எக்ஸ்ஆர்டி படங்களோடு எனக்கு அனுப்பு, பார்த்துத் திருத்தித் தருகிறேன்.